443 திறக்காதபோது சர்டிபிகேட்டைத் தொடாதீர்கள்

எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு லினக்ஸ் சர்வரைக் கொடுத்து, அதில் ஒரு தளத்தை எச்டிடிபிஎஸ்ஸோடு (போர்ட் 443 வழியாக வரும் பாதுகாப்பான இணைப்போடு) ஏற்றச் சொல்வது வழக்கம். நாங்கள் பழகிய காலத்தில் எங்கெல்லாம் சறுக்கினோமோ அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். செமிகோலன் விடுபட்டது, பாதையில் எழுத்துப்பிழை மாதிரியானவற்றை இங்கே எழுதப்போவதில்லை, நாங்கள் பயன்படுத்தும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸே வரி எண்ணோடு அதைச் சொல்லிவிடும். ஆளை நாள்கணக்கில் உட்கார வைக்கும் தவறுகள் வேறு.

தளம் வரவில்லை என்றதும் புது சர்டிபிகேட் எடுப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

பிரவுசர் முதலில் 443-இல் டிசிபி இணைப்பு போடும், அது நிலைத்த பிறகுதான் டிஎல்எஸ் பேச்சு (தகவலை மறைத்து அனுப்ப இருபக்கமும் ஒத்துக்கொள்வது), சர்டிபிகேட் வருவது அந்தப் பேச்சுக்குள்ளே. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால், பெரும்பாலும் அந்த மெஷினில் 443-இல் யாருமே கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று அர்த்தம். வெகுநேரம் சுற்றிவிட்டு 'டைம்டு அவுட்' என்றால் பெரும்பாலும் வழியில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்குகிறது. இந்த இரண்டிலும் பேச்சு சர்டிபிகேட் வரைக்கும் போகவே இல்லை, வாசல் கதவு திறக்காத வீட்டில் பீரோ சாவியை மாற்றி என்ன பிரயோஜனம்?

ஒரு துணிக்கடையின் ஆன்லைன் தளம், தீபாவளி நெருங்கும் சமயம். சர்வரை ரீபூட் செய்ததும் தளம் காணாமல் போய், பிரவுசரில் 'பாதுகாப்பற்ற சர்டிபிகேட்' எச்சரிக்கை வந்தது. தளத்தைக் கவனித்துவந்த பையன் அதை நம்பி, சர்ட்பாட்டில் (சர்டிபிகேட் வாங்கித் தரும் கருவி) புது சர்டிபிகேட் எடுத்தான். தளம் வரவில்லை. மறுபடி எடுத்தான், அப்புறம் மறுபடி. ஒவ்வொரு தடவையும் சர்ட்பாட் 'வெற்றி' என்றே சொன்னது, ஏனென்றால் என்ஜின்எக்ஸ் செத்துக் கிடந்ததால் போர்ட் 80 காலியாக இருந்தது, சர்ட்பாட் தானே போர்ட் 80-இல் நின்று பதில் சொல்லும் ஸ்டாண்டலோன் முறைக்கு அது போதும். சர்டிபிகேட்டை வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் ஒரே டொமைன் பெயர்த் தொகுப்புக்கு 7 நாளில் 5 சர்டிபிகேட்தான் தரும். அந்த வரம்பு முடிந்ததும் மறுத்துவிட்டது. சரி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று சர்டிபிகேட்டுகள் இருந்த ஃபோல்டரையே அழித்தான். செல்லுபடியாகும் சர்டிபிகேட், பிரைவேட் கீ, எல்லாம் போயிற்று.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: யாரோ ஒருவர் சோதனைக்காக 443-இல் ஏற்றி வைத்திருந்த ஒரு டாக்கர் கன்டெய்னர் (தனிப் பெட்டிக்குள் ஓடும் புரோகிராம்), ரீபூட்டில் என்ஜின்எக்ஸுக்கு முன்னால் எழுந்து போர்ட்டைப் பிடித்துக்கொண்டது. பிரவுசர் காட்டிய எச்சரிக்கை அந்தக் கன்டெய்னரின் செல்ஃப்-சைன்டு (தானே கையெழுத்திட்டுக்கொண்ட) சர்டிபிகேட்டைப் பற்றியது. எச்சரிக்கையைக் கிளிக் செய்து சர்டிபிகேட் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். கன்டெய்னரை நிறுத்த ஒரு நிமிஷம் ஆகவில்லை, ஆனால் அதற்குள் போட்டுக்கொள்ள சர்டிபிகேட் இல்லை. கான்ஃபிக் சுட்டும் ஃபைல் இல்லாததால் என்ஜின்எக்ஸ் எழவும் மறுத்தது. கடைசியில் இன்னொரு சப்டொமைனையும் சேர்த்துக் கேட்டோம், பெயர்த் தொகுப்பு மாறியதால் அந்த வரம்பு பொருந்தவில்லை. பழையதை ரிவோக் (ரத்து) செய்தால் எண்ணிக்கை குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள், குறையாது. அன்று போன ஆர்டர்கள் கடைக்காரருக்குப் போனதுதான்.

ஆகவே வரிசை இது. முதலில் சூடோவோடு (அட்மின் அதிகாரத்தோடு) எஸ்எஸ் கமாண்டை ஓட்டி 443-ஐ யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள் (சூடோ இல்லாவிட்டால் மற்றவர்களின் பிராசஸ் பெயர் வராது). அடுத்து எரர் லாக். சர்டிபிகேட் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று லாக் சொன்னால் மட்டும் சர்டிபிகேட் பக்கம் போங்கள். அப்போதும் ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டரை நகல் எடுக்காமல் தொடாதீர்கள், சோதிக்க லெட்ஸ் என்க்ரிப்டின் ஸ்டேஜிங் சர்வர் இருக்கிறது, அதில் எடுப்பது உண்மையான வரம்பில் சேராது.

இன்னொன்று, என்ஜின்எக்ஸின் கான்ஃபிக் டெஸ்ட் 'ஓகே' என்று சொன்னதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். போர்ட் வேறு ஒருவர் கையில் இருந்தாலும் அந்த டெஸ்ட் தேறிவிடும். நிஜமாக ஸ்டார்ட் செய்யும்போதுதான் எரர் எண் 98, 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று லாகில் விழும்.

போர்ட்டைப் பிடித்திருப்பதைக் கில் செய்துவிட்டுப் போவது

சர்வீஸை டிசேபிள் செய்யாவிட்டால் அடுத்த ரீபூட்டில் அதுவே திரும்ப வரும், ரீஸ்டார்ட் பாலிசி இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்காது. பிடித்திருப்பது என்ஜின்எக்ஸாகவே இருக்கலாம்: யாராவது கையால் ஸ்டார்ட் செய்திருப்பார்கள், சர்வீஸ்களை எழுப்பி நிறுத்தும் சிஸ்டம்டிக்கு அது தெரியாது, 'இனாக்டிவ்' என்றே காட்டும். அதை முறையாக நிறுத்திவிட்டு சிஸ்டம்டி வழியாக எழுப்புங்கள்.

அப்பாச்சியில் இரண்டு இடத்தில் 'லிசன் 443'

அப்பாச்சியும் ஒரு வெப் சர்வர்தான். உபுண்டுவில் அதன் போர்ட்ஸ் ஃபைலில் இந்த வரி ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் இன்னொன்று எழுத வேண்டாம்.

'பர்மிஷன் டினைடு' வந்ததும் எஸ்இலினக்ஸை அணைப்பது

எரர் 98 வேறு, 13 வேறு. 13 என்றால் அனுமதி இல்லை. லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளை சாதாரண யூசர் பிடிக்க முடியாது, ரூட்டாக (அட்மினாக) தொடங்க வேண்டும் அல்லது அதற்கான கேப்பபிலிட்டி கொடுக்க வேண்டும். ரூட்டாக இருந்தும் 13 வந்தால், நீங்கள் 443-ஐ விட்டு 8444 மாதிரி ஏதோ ஒரு எண்ணைப் போட்டிருப்பீர்கள். ரெட்ஹேட் வகை சிஸ்டங்களில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கின் வெப் போர்ட் பட்டியலில் 443, 8443 எல்லாம் உண்டு, 8444 கிடையாது. அந்த எண்ணைப் பட்டியலில் சேர்க்க செமேனேஜ் கமாண்ட் ஒரு வரிதான். ஒரு வரிக்காக மொத்தப் பாதுகாப்பையும் நிறுத்துவது நியாயமே இல்லை.

ஃபயர்வால் ஒன்றுதான் என்று நினைப்பது

சர்வருக்குள்ளிருந்து கர்ல் கமாண்டால் தளத்தைக் கேட்டால் பதில் வருகிறது, வெளியிலிருந்து டைம் அவுட். மெஷினுக்குள் இருக்கும் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவில் 443-ஐத் திறந்திருப்பீர்கள், கிளவுடின் ஃபயர்வாலான செக்யூரிட்டி குரூப்பில் 443 இருக்காது. இரண்டையும் பாருங்கள்.

443 வேலை செய்ததும் 80-ஐ மூடுவது

டொமைன் உங்களுடையதா என்று பார்க்கும் எச்டிடிபி முறைச் சரிபார்ப்பு 80 வழியாகத்தான் தொடங்கும். லெட்ஸ் என்க்ரிப்டின் வழக்கமான சர்டிபிகேட் 90 நாள்தான், 80 மூடியிருந்தால் புதுப்பிப்பு சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருக்கும். 80-ஐத் திறந்தே வைத்து, வருகிறவர்களை 443-க்குத் திருப்பிவிடுங்கள்.