செல் சுவாசம்: இடத்தில்தான் முதல் தவறு

குளுக்கோஸை உடைத்துச் செல் ஆற்றல் பெறுவதுதான் செல் சுவாசம். அது எங்கே நடக்கிறது என்று கேட்டால், ‘செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில்’ என்று பதில் வரும். பாதிதான் சரி. முதல் கட்டமான கிளைக்காலிஸிஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் நடக்கிறது. குளுக்கோஸ் அங்கே 10 படிகளில் உடைந்து, பைருவேட் என்ற சிறிய மூலக்கூறுகள் 2 ஆகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போவது அந்தப் பைருவேட்தான். ஆகவே, குளுக்கோஸ் நேராக உள்ளே நுழைவதாகப் படத்தில் அம்புக்குறி போடாதீர்கள். இந்தக் கட்டத்தில் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 4 உருவானாலும் தொடக்கத்திலேயே 2 செலவாகிவிடுவதால் மிச்சம் 2 மட்டுமே.

உள்ளே போன பிறகும் இடம் முக்கியம். பைருவேட்டிலிருந்து வருவதை மேலும் உடைக்கும் கிரெப்ஸ் சுழற்சி, மைட்டோகாண்ட்ரியாவின் உள்வெளியான மேட்ரிக்ஸில் நடக்கிறது, எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி உட்சவ்வில் இருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டால் ஏடிபி எப்படி உருவாகிறது என்பதே புரியாமல் போகும். சங்கிலி வழியே எலக்ட்ரான் நகரும்போது புரோட்டான்கள் சவ்வின் மறுபக்கம் தள்ளப்படுகின்றன. அவை ஏடிபி சிந்தேஸ் வழியாகத் திரும்பி வரும் விசையில்தான் ஏடிபி உருவாகிறது. 1961-இல் பீட்டர் மிட்செல் முன்வைத்த விளக்கம் இது. 1978-இல் நோபல் பரிசும் பெற்றுத் தந்தது. சவ்வு கசிந்தால் ஏடிபி உற்பத்தியும் சரியும்.

மைட்டோகாண்ட்ரியா இல்லாவிட்டால் செல் சுவாசமே இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. பாக்டீரியாவில் அந்தச் சங்கிலி செல் சவ்விலேயே இருக்கிறது. நம்முடைய முதிர்ந்த சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது, சங்கிலியும் கிடையாது. அது கிளைக்காலிஸிஸை மட்டும் நம்பிப் பிழைக்கிறது. ஆக்சிஜனைச் சுமந்து திரியும் செல் அதைத் தனக்காகச் செலவழிப்பதில்லை!

அதிகம் பேர் சறுக்கும் இடம் ஆக்சிஜன். நாம் இழுக்கும் ஆக்சிஜன் கார்பனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது சங்கிலியின் கடைசியில் எலக்ட்ரானையும் புரோட்டானையும் ஏற்று நீராகிறது. கார்பன் டை ஆக்சைடு அதற்கு முன்பே மேட்ரிக்ஸில் வெளியாகிவிடும்: ஒரு குளுக்கோஸுக்கு, பைருவேட் சுழற்சிக்குத் தயாராகும் கட்டத்தில் 2, கிரெப்ஸ் சுழற்சியில் 4.

அப்படியானால் கிரெப்ஸ் சுழற்சிக்கு ஆக்சிஜன் வேண்டாமா? நேரடியாக வேண்டாம். ஆனால் ஆக்சிஜன் இல்லாமல் சங்கிலி நின்றால், சங்கிலிக்கு எலக்ட்ரானைச் சுமந்து வரும் என்ஏடிஹெச் அதை இறக்கிவைக்க வழியில்லை. சுமை இறங்கிய வடிவமான என்ஏடி தீர்ந்துபோய்ச் சுழற்சியும் நின்றுவிடும். தசையில் பைருவேட் லாக்டேட்டாக மாறுவதும் இந்த என்ஏடியை மீட்கத்தான். அந்தப் படியில் ஏடிபி ஏதும் கிடைப்பதில்லை. கிடைக்கும் 2-ம் கிளைக்காலிஸிஸின் கணக்கு.

தாவரங்கள் இரவில் மட்டும் சுவாசிக்கின்றன என்பதை இன்னமும் சொல்கிறார்கள். பகலிலும் சுவாசிக்கின்றன, ஒளிச்சேர்க்கை அதை மறைத்துவிடுகிறது.

அப்புறம், ஒரு குளுக்கோஸிலிருந்து மொத்தம் கிடைப்பதாகப் பாடநூல்கள் சொல்லும் அந்த 38 ஏடிபி. சில புத்தகங்கள் 36 என்கின்றன. புரோட்டான் கசிவையும் பொருள்களைச் சவ்வு கடத்தும் செலவையும் கழித்தால் இன்றைய கணக்கு ஏறத்தாழ 30 முதல் 32 வரை. தேர்வில் பாடநூல் சொல்லும் எண்ணையே எழுதுங்கள்; ஆனால் 38 என்பது ஏட்டுக் கணக்கு என்று தெரிந்தே எழுதுங்கள்.