ஒரே கம்பளிக்குள் ரெண்டு பேர்: முனைவுப் பிணைப்பை இனங்காண்பது எப்படி?

ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறேன். முனைவுப் பிணைப்பு என்றதுமே கொப்பியில் டெல்டா (δ, சிறு பகுதி ஏற்றத்தின் குறி) போட ஆரம்பித்துவிடுவார்கள். ஏன் அந்தப் பக்கம் மறை என்று கேட்டால் சத்தமே வராது. அதனால் முதலில் கம்பளிக் கதை.

லயத்துக் காம்பராவில், மார்கழிக் குளிரில், நானும் அண்ணனும் ஒரே கம்பளிக்குள் படுப்போம். தூக்கத்தில் அண்ணன் இழுப்பார். முழுசாகப் பறித்துவிட மாட்டார், ஆனால் விடியும்போது முக்கால்வாசி அவர்மேல் கிடக்கும், என் கால் வெளியே விறைத்திருக்கும். இரண்டு அணுக்கள் பங்கிடும் இலத்திரன் சோடிதான் அந்தக் கம்பளி. அது ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தால் முனைவுப் பிணைப்பு. அணு அதை இழுக்கிற பலம் மின்னெதிர்த்தன்மை.

அந்தப் பலத்துக்கு 1932இல் லைனஸ் போலிங் எண் கொடுத்தார். இவ்வளவு பாடமிருந்தால் போதும்: புளோரீன் 3.98, ஒட்சிசன் 3.44, குளோரீன் 3.16, நைதரசன் 3.04, காபன் 2.55, ஐதரசன் 2.20.

பெரியதிலிருந்து சின்னதைக் கழியுங்கள். ஐதரசன் குளோரைட்டில் 0.96 வரும், அது முனைவுப் பிணைப்பு. கம்பளி குளோரீன் பக்கம் சாய்வதால் அங்கே டெல்டா மறை, ஐதரசனில் டெல்டா நேர். டெல்டாவை விட்டுவிட்டு வெறும் நேர், மறை போட்டால் அயன் (முழு ஏற்றம் கொண்ட அணு) என்று எழுதியதாகிவிடும், கவனம்! இரண்டு குளோரீன் சேர்ந்தால் வித்தியாசம் 0, சாய்வே இல்லை. காபன்–ஐதரசனில் 0.35. சாய்வு மிகச் சிறிது என்பதால் முனைவற்றதாகவே எடுத்துக்கொள்கிறோம். குப்பி லாம்பு மண்ணெண்ணெய் பெரும்பாலும் இதுவும் காபன்–காபனும்தான், அதனால்தான் தண்ணீரோடு கலக்காது. (மேலே மிதப்பது அடர்த்தியால், அதை இங்கே இழுக்காதீர்கள்.)

சுமார் 0.5க்கு மேலே முனைவு, 1.7க்கு மேலே அயன் என்பார்கள். அதை வேலிபோல் நம்ப வேண்டாம். ஐதரசன் புளோரைட்டில் 1.78 வருகிறது, ஆனாலும் அது பங்கீட்டுவலுதான், அதாவது சோடியைப் பங்கிடும் பிணைப்புதான்.

இனி நான் விழுந்த குழி. தவணைப் பரீட்சையில் காபனீரொட்சைட்டுக்கு 0.89 என்று கழித்துப் பார்த்து, "முனைவுள்ள மூலக்கூறு" என்று தைரியமாக எழுதினேன். சிவப்புப் பேனா! பிணைப்புகள் முனைவானவைதான், கேள்வி மூலக்கூறைப் பற்றியது. வடிவத்தை வரைந்திருந்தால் தப்பியிருப்பேன். காபன் நடுவில், இரண்டு ஒட்சிசனும் நேர்கோட்டில் எதிரெதிரே. இந்தப் பக்கம் ஓர் அண்ணன், அந்தப் பக்கம் அதே பலத்தில் இன்னோர் அண்ணன், நடுவில் நான் என்றால் கம்பளி எங்கே சாயும்? தண்ணீர் அப்படியில்லை, 104.5 பாகையில் வளைந்தது. இரண்டு இழுவையும் ஒட்சிசன் பக்கமாகவே சேர்வதால் இருமுனைவுத் திருப்புதிறன் (மூலக்கூறு முழுவதுமாக எவ்வளவு முனைவானது என்பதன் அளவு) 1.85 டிபாய். டிபாய் அதன் அலகு.

இப்போது காபன் நாற்குளோரைட்டை நான்முகியாக வரைந்து, ஒவ்வொரு பிணைப்பிலும் கம்பளி சாயும் பக்கமாக அம்புக்குறி போடுங்கள். கூட்டினால் பூச்சியம். ஒரே ஒரு குளோரீனை அழித்து அங்கே ஐதரசனை வையுங்கள், குளோரோபோம். மறுபடி அம்புகளைக் கூட்டிப் பாருங்கள். அளந்த பெறுமானம் 1.04 டிபாய்.