அவுட்பேக் கிளம்பும் முன்: கேம்பர் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் அவுட்பேக், அதாவது ஆள் நடமாட்டம் குறைந்த வறண்ட உட்பகுதி வழியாக, தெற்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். கேம்பரை, அதாவது தங்கும் வசதியுள்ள இழுவை வண்டியை, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் கிளம்புகிறவர்கள் பாம்பு, வெயில் என்று பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், வீட்டு வாசலில் சாமான் ஏற்றும்போதுதான் பயப்பட வேண்டும்.

‘கார் 3,500 கிலோ இழுக்கும், கேம்பர் 1,800 கிலோதானே’ என்று நிம்மதியாக இருந்துவிடுவது முதல் தவறு. கேம்பரின் மூக்கு காரின் கொக்கியில் உட்காருகிறதே, அந்தப் பாரம் பொதுவாக கேம்பர் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 180 கிலோ. அது காரின் கணக்கில்தான் சேரும். நான்கு பேர், ஃபிரிட்ஜ், முன்னால் மாடு, கங்காரு மோதலுக்கான இரும்புத் தடுப்பு (புல்பார்), கூரையில் கேரியர், அப்புறம் இட்லிக் குண்டானும் அரிசி மூட்டையும். இழுக்கும் திறனில் பாதியைத் தொடும்போதே காரின் மொத்த எடை வரம்பு தாண்டியிருக்கும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, ஆட்களையும் ஏற்றி, ஒரு வேபிரிட்ஜில் (லாரி எடை மேடையில்) நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

எடை சரியாக இருந்தாலும் அதை வைக்கும் இடம் முக்கியம். கனமான பொருள் கேம்பரின் சக்கர அச்சுக்குப் பக்கத்தில், தாழ்வாக இருக்க வேண்டும். கேம்பரின் பின்பக்கப் பெட்டியில் எரிபொருள் கேனையும் கருவிகளையும் அடைத்தால் கொக்கியில் பாரம் குறைந்து கேம்பர் வாலாட்டத் தொடங்கும். பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும், 53.5 மீட்டர் வரை நீளமுள்ள ரோடு டிரெயின் லாரி எதிரே வந்து காற்றைத் தள்ளிவிட்டுப் போகும்போது இது நடந்தால் கை நடுங்கும். அப்போது கார் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, காருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியால் கேம்பரின் பிரேக்கை மட்டும் கையால் மெல்லக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது டயர். ஊட்னடாட்டா டிராக் போன்ற மண் சாலைகளில் சலவைப் பலகை மாதிரி வரிவரியாக மேடு இருக்கும். தார்ச்சாலையில் வைத்த காற்றோடு அதில் ஓடினால் வண்டியின் நட்டு போல்ட்டெல்லாம் கழன்றுவிடும். காற்றைக் குறைத்து வேகத்தையும் குறைக்க வேண்டும். பலரும் இதைச் செய்கிறார்கள். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி காற்று நிரப்பத்தான் மறக்கிறார்கள். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். கேம்பர் டயர் போனால் ஓட்டுபவருக்கு உடனே தெரியாமலும் போகலாம். நிறுத்தும் இடத்திலெல்லாம் இறங்கி, சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூடாக இருந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கார் டயர் கிளப்பும் கல் கேம்பரின் முகப்பில் பட்டுத் திரும்பி வந்து காரின் பின்கண்ணாடியை உடைப்பதும் உண்டு. முகப்பில் கல் தடுப்புத் திரை ஒன்று கட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

எரிபொருளுக்கு ஊர்க் கணக்கு உதவாது. கேம்பர் இழுக்கும்போது டீசல் ஒன்றரை மடங்கு, எதிர்க்காற்று இருந்தால் அதற்கும் மேல் செலவாகும். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கிளெண்டாம்போ என்ற ஊரை விட்டால் அடுத்த ஊரான கூபர் பீடி வரை சுமார் 250 கிலோமீட்டருக்கு பங்க் கிடையாது. பாதித் தொட்டி போதும் என்று நினைக்கிற இடம் அதுவல்ல.

பொழுது சாய்ந்தபின் ஓட்டாதீர்கள். கங்காரு மட்டுமல்ல, வேலி இல்லாத பண்ணைகளின் மாடுகளும் சாலையில் நிற்கும். கேம்பர் பின்னால் இருக்கும்போது சட்டென்று திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. நல்லார்பர் சமவெளி வழியாக மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்துக்குப் போகிறவர்கள் காய்கறி, பழம், தேன் எல்லாம் எல்லைச் சோதனையில் கொடுத்துவிட வேண்டியிருக்கும். அதனால் வாரக் கணக்கில் வாங்கி அடுக்காதீர்கள். மழை பெய்து மண் சாலை மூடியிருந்தால் சும்மா நுழைந்து பார்க்காதீர்கள், அபராதம் உண்டு.

செல்போனை நம்பிப் போவதும் தவறுதான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு சிக்னலே இருக்காது. சாட்டிலைட் போனோ, ஆபத்தில் இருப்பதைச் சாட்டிலைட் வழியாக மீட்புக் குழுவுக்குச் சொல்லும் அவசர பீக்கனோ கையில் இருக்கட்டும். வண்டிகளுக்கிடையே பேசிக்கொள்ளும் யுஎச்எஃப் ரேடியோவில் 40ஆவது சேனல் வைத்தால் லாரிக்காரர்களோடு பேசலாம். வண்டி நின்றுவிட்டால் உதவி தேடி நடக்க வேண்டாம். தேடி வருகிறவர்கள் கண்ணில் ஆளைவிட வண்டிதான் சீக்கிரம் படும். நிழலும் தண்ணீரும் அங்கேதான் இருக்கின்றன.