மலைக்காட்டில் சிலந்தி சேகரிப்பு: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

அறிவியல் பெயர் சூட்டப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022-ஆம் ஆண்டில் 50,000-ஐத் தொட்டது. பெயர் பெறாமல் இருப்பவை இன்னும் ஏராளம். அவற்றைத் தேடுவதற்கு மலைக்காடு மிகப் பொருத்தமான இடம். ஏனெனில் குளிர்ந்த உச்சிப்பகுதியில் வாழப் பழகிய சிலந்தி, இடையிலுள்ள வெப்பமான பள்ளத்தாக்கைக் கடக்க இயலாமல் ஒரே மலைத்தொடரில் தனித்து நின்றுவிடக்கூடும். ஆகவே, ஒரு சிலந்தி எந்த உயரத்தில், எந்த வகைச் செடியில், எந்த நாளில் கிடைத்தது என்னும் குறிப்பு அந்தச் சிலந்திக்கு நிகரான மதிப்புடையது.

1. அனுமதி

வனப்பகுதியில் எந்த உயிரினத்தைச் சேகரிக்கவும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். எத்தனை மாதிரிகள், எந்த எல்லைக்குள், எந்தக் காலத்தில் என்பதெல்லாம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். மாதிரிகளை ஏற்றுக்கொள்ளும் அருங்காட்சியகம் ஒன்றிடமும் புறப்படும் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

2. கருவிகள்

மூடி இறுக்கமாகப் பொருந்தும் சிறு குப்பிகள், மென்மையான இடுக்கி, மெல்லிய தூரிகை, வெள்ளைத் துணி கட்டிய சட்டம், ஒரு கைத்தடி, சருகு சலிக்கும் சல்லடை, நீர்த்தெளிப்பான், ஹெட் டார்ச், ஜிபிஎஸ், பென்சில், கெட்டியான பருத்தித் தாள் ஆகியவை போதும். சிலந்தியின் உடல் மென்மையானது. பூச்சிகளைப் போல ஊசியில் குத்தி உலர்த்தினால் சுருங்கி உருக்குலைந்துவிடும். எனவே அதை 70 முதல் 80 சதவீத எத்தனாலில்தான் பாதுகாக்கிறார்கள். கையிலிருப்பது 95 சதவீத எத்தனால் எனில், அதில் 79 மில்லிலிட்டரை அளந்து, மொத்தம் 100 மில்லிலிட்டர் வரும் வரை காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் சுமார் 75 சதவீதக் கரைசல் கிடைக்கும். டிஎன்ஏ ஆய்வுக்கு உரிய மாதிரிகளை மட்டும் நீர் கலக்காத 95 சதவீத எத்தனாலில் தனியே இட்டுக் குளிரான இடத்தில் வையுங்கள். எத்தனால் எளிதில் தீப்பற்றும் என்பதால், முகாமில் அடுப்பிற்கு அருகே அதைத் திறக்கக் கூடாது.

3. பகலில் தேடும் முறை

காட்டை அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். புதர்களிலும் தாழ்ந்த கிளைகளிலும் வாழ்பவற்றுக்கு, வெள்ளைத் துணியைக் கிளைக்கு அடியில் விரித்துப் பிடித்து, மேலிருந்து தடியால் இரண்டு மூன்று முறை சட்டெனத் தட்டுங்கள். தாவும் சிலந்திகளும் நண்டுச் சிலந்திகளும் துணியில் விழும். விழுந்தவுடன் பல சிலந்திகள் கால்களை மடக்கிக் குச்சி போல அசையாமல் கிடக்கும். ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் அவை நடக்கத் தொடங்கும். அவசரப்பட்டுத் துணியை உதறுவோர் இழப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

அடுத்து தரை. மட்கிய சருகைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துத் துணியின் மேல் சலித்தால், இரண்டு மில்லிமீட்டரே உள்ள சிறு சிலந்திகள் கிடைக்கும். உயரம் கூடக் கூட, பாசியிலும் ஈரச் சருகிலும் வாழும் இத்தகைய நுண்சிலந்திகளுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவது நல்லது. புதிய இனங்கள் கவனிக்கப்படாமல் தங்கிவிடுவது இங்கேதான். கல்லையோ விழுந்த மரத்தையோ புரட்டும்போது, திறக்கும் பக்கம் உங்களுக்கு எதிர்ப்புறமாக இருக்கட்டும். அடியில் பாம்பு இருந்தாலும் அது உங்களை விட்டு விலகிச் செல்ல வழி கிடைக்கும். பார்த்து முடித்ததும் கல்லை முன்பிருந்தவாறே திருப்பி வையுங்கள்.

வலைகள் கண்ணுக்குப் புலப்படாவிட்டால் நீரை மெல்லிய தூறலாகத் தெளியுங்கள். வலையின் வடிவம் குடும்பத்தை அடையாளம் காண உதவும் என்பதால், சிலந்தியை எடுக்கும் முன் வலையையும் சேர்த்துப் புகைப்படம் எடுப்பது அவசியம். எத்தனாலில் நிறம் மங்கிவிடும். உயிருடன் இருந்தபோதைய நிறத்திற்கு அந்தப் படமே சான்று.

4. இரவில் தேடும் முறை

பகலில் ஒளிந்திருக்கும் பல இனங்கள் இரவில்தான் வெளிவரும். ஹெட் டார்ச்சைக் கண்ணுக்கு அருகிலேயே நெற்றியில் கட்டிக்கொண்டு, பாதையோரத் தரையை மெதுவாகப் பாருங்கள். ஓநாய்ச் சிலந்தியின் கண்ணுக்குள் உள்ள ஒளி திருப்பும் படலம், வெளிச்சத்தை வந்த வழியே அனுப்புவதால், பல மீட்டர் தொலைவிலும் பச்சை நிறப் புள்ளியாக ஒளிரும். பனித்துளியும் மின்னும், ஆனால் நீங்கள் நகரும்போது அதன் மினுக்கம் நிறம் மாறும். அருகில் சென்று பார்த்தால் சில பெண் சிலந்திகளின் முதுகில் குஞ்சுகள் நெருக்கியடித்து ஏறியிருக்கும். அந்தத் தாயைத் தொடாமல் விட்டுவிடுங்கள். இரவில் தனியாகச் செல்லக் கூடாது. திரும்பும் வழியைப் பகலிலேயே குறித்து வையுங்கள்.

5. எதை எடுப்பது, எதை விடுவது

பெரும்பாலான சிலந்திகளை இன அளவில் உறுதிசெய்வது இனப்பெருக்க உறுப்புகளைக் கொண்டே என்பதால், முதிராத குஞ்சுகளை எடுப்பதில் பயனில்லை. முகத்தின் இருபுறமும் குட்டிக் கால்கள் போல நீளும் பெடிபால்ப்புகளின் நுனி பருத்திருந்தால் அது ஆண். வயிற்றின் அடிப்புறம் முன்பகுதியில் கறுத்த, கெட்டியான தகடு தெரிந்தால் அது பொதுவாக முதிர்ந்த பெண். ஆனால் அத்தகடு இல்லாத சில குடும்பங்களும் உண்டு. கைலென்ஸில் பார்த்து, ஓர் இனத்தில் ஓரிரு ஆணும் பெண்ணும் எடுத்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து. உயிருடன் வைத்திருக்கும்போது குப்பிக்கு ஒன்று என்பதே விதி. இரண்டை ஒன்றாக இட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். இடுக்கியால் காலைப் பிடித்தால் காலை உதறிவிட்டு ஓடும் என்பதால், குப்பியை மேலே கவிழ்த்துத் தூரிகையால் உள்ளே தள்ளுங்கள்.

6. சீட்டு எழுதுதல்

இடத்தை விட்டு நகரும் முன்பே எழுதுங்கள். நாடு, மாவட்டம், இடப்பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, வாழிடம், பிடித்த முறை, சேகரித்தவர் பெயர் ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். ஆயத்தொலைவை நான்கு தசம இடங்கள் வரை எழுதினால் ஏறத்தாழ 11 மீட்டருக்குள் இடம் புலப்படும். ஜிபிஎஸ் காட்டும் உயரத்தில் பிழை கூடுதலாக இருக்கும் என்பதால் வரைபடத்துடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 3/4 என்று எழுதினால் ஏப்ரலா மார்ச்சா என்ற குழப்பம் வரும்; மாதத்தை ரோமன் எண்ணில் எழுதும் வழக்கம் அதற்காகவே ஏற்பட்டது. பால்பாயின்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும். பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே இடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு ஈரத்தில் உரிந்துவிடும்.

7. திரும்பிய பின்

சிலந்தியின் உடலிலுள்ள நீர் எத்தனாலை நீர்த்துப்போகச் செய்யும். ஆகையால் முதல் ஓரிரு நாட்களுக்குள், குறிப்பாகப் பெரிய மாதிரிகளுக்கு, கரைசலை மாற்றிவிடுங்கள். பின்னர் கள நோட்டின் வரிகளைக் குப்பிகளின் சீட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, புகைப்படங்களுக்கும் அதே எண்ணை இட்டு, அனுமதி ஆணையின் நகலுடன் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துப் பதிவெண் பெற்றுக்கொள்ளுங்கள்.