சின்ன ஆபீஸ் நெட்வொர்க்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கோத்தகிரியில் இரண்டு தம்பிகள் ஒரு கடைக்காக ஐந்து கம்ப்யூட்டரை ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இணைத்துக்கொண்டிருந்தார்கள். "சர்வர் எதுக்குண்ணா, பியர்-டு-பியர் போதும்" என்றார்கள். ஐந்துக்குப் போதும்தான். ஆனால் அடுத்து அவர்கள் செய்தது, தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே காரியம். கேபிள் கிரிம்ப் செய்வதையெல்லாம் கை தானாகக் கற்றுக்கொள்ளும், எதை எந்த மெஷினில் வைப்பது என்பது அப்படி இல்லை.

எல்லாவற்றையும் ஒருவர் மெஷினில் வைப்பது

பியர்-டு-பியரில் எல்லா மெஷினும் சமம், ஒவ்வொன்றும் கேட்கும், கொடுக்கவும் செய்யும். சர்வர் முறையில் கொடுப்பதற்கென்றே ஒன்று இருக்கும், அதற்கு யூபிஎஸ், இரட்டை டிஸ்க், தினசரி பேக்கப் என்று தனிக் கவனிப்பும் இருக்கும். நம் ஆட்கள் கணக்கு பார்க்கும் அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு போல்டரை ஷேர் செய்துவிட்டு, மொத்த ஆபீஸையும் அதிலேயே எழுத வைக்கிறார்கள். சர்வரின் சுமை முழுக்க அதன் தலையில், கவனிப்பு துளியும் இல்லை.

நான் அப்படி அமைத்தது பசுந்தேயிலை வாங்கும் ஓர் இடத்தில். விவசாயிகளின் இலை எடைக் கணக்கு முழுவதும் அந்த ஒரு போல்டரில். அக்கா சாயந்திரம் மெஷினை ஆஃப் செய்துவிட்டுக் கிளம்பினால், தாமதமாக வரும் வண்டிக்கு எடை பதிய முடியாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஒருநாள் இடி இடித்து கரண்ட் போய் வந்தது, டிஸ்க் எழவே இல்லை. இரண்டு மாதக் கணக்கை ஈரம்பட்ட சீட்டுகளைப் பார்த்து மூன்று பேர் உட்கார்ந்து மறுபடி அடித்தோம். சீட்டைத் தொலைத்த விவசாயிக்கு என்ன பதில் சொல்வது? இன்றும் மனசு ஆறவில்லை.

டோரண்டும் பியர்-டு-பியர்தானே என்று கேட்பார்கள். அங்கே ஒரே பைலின் துண்டுகள் பல மெஷினில் இருக்கும், ஒன்று போனாலும் இன்னொன்று கொடுக்கும். ஆபீஸ் ஷேரில் நகல் தானாக உருவாகாது. தினமும் இரவில் இன்னொரு மெஷினுக்கு ஒரு நகல், அப்புறம் கழற்றி வைக்கும் டிஸ்க்கில் ஒரு நகல், இதற்குக் குறைந்து ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலையை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு மெஷினாக அணைத்து, எது இல்லாமல் ஆபீஸ் நிற்கிறது என்று பாருங்கள்.

எவ்ரிஒன், புல் கன்ட்ரோல்

ஷேர் செய்த போல்டரை யார் வேண்டுமானாலும் திறக்க, மாற்ற, அழிக்க விடும் அனுமதி இது. கொடுக்காதீர்கள்.

வளர்ந்த பிறகும் அதே அமைப்பு

சாதாரண விண்டோஸ் 10, 11 மெஷின் ஒரே நேரத்தில் 20 இணைப்புக்கு மேல் ஷேர் கொடுக்காது. அந்த எல்லையைத் தொடும்வரை காத்திருக்காமல், பத்து மெஷின் ஆனதுமே சர்வருக்குப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

பழைய ஸ்கேனருக்காக எஸ்எம்பி 1

எஸ்எம்பி 1 என்பது விண்டோஸில் போல்டர் ஷேர் செய்யும் பழைய முறை. பழைய ஸ்கேனர் கேட்கிறதே என்று அதை ஆன் செய்யாதீர்கள். 2017 மே மாதம், பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் மெஷின் விட்டு மெஷின் தாவியது இந்த வழியாகத்தான். ஸ்கேனரை மாற்றுங்கள்.