டிஸ்மார்ஃபியா: சொல் எங்கிருந்து வந்தது, எப்போது பொருந்தும்?

செல்ஃபி நன்றாக வரவில்லை என்றாலே "எனக்கு டிஸ்மார்ஃபியா" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அது, தன் தோற்றத்தில் குறை இருப்பதாக ஓயாமல் நினைத்துத் தவிக்கும் ஒரு மனநோயின் பெயர். அந்த நோயோடு வாழ்பவர்களுக்காகவாவது அதைச் சரியாகத் தெரிந்துகொள்வோம்.

முதல் படி: சொல்லைப் பிரியுங்கள். கிரேக்கத்தில் 'டிஸ்' என்றால் கெட்ட, 'மார்ஃபே' என்றால் வடிவம். சேர்த்தால் அவலட்சணம். பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதிய, ஸ்பார்ட்டா நகரத்துக் கதை ஒன்றில் இந்தச் சொல் வருகிறது. வசதியான வீட்டுப் பெண் குழந்தை, ஆனால் முகலட்சணம் இல்லை. தாதி தினமும் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் தெரப்னே என்ற ஊரில் இருந்த, அழகுக்குப் பேர்போன புராண நாயகி ஹெலனின் கோயிலுக்குப் போய், சிலைமுன் நின்று வேண்டுவாள். ஒருநாள் அங்கே எதிர்ப்பட்ட ஒருத்தி அந்தக் குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். அன்றிலிருந்து அதன் முகம் மாறி, வளர்ந்ததும் ஊரிலேயே பேரழகி ஆனது.

இரண்டாம் படி: 1891-க்கு வாருங்கள். என்ரிகோ மோர்செல்லி என்ற இத்தாலிய மனநல மருத்துவர் இந்தச் சொல்லோடு பயம் என்று பொருள்படும் 'ஃபோபியா'வைச் சேர்த்து 'டிஸ்மார்ஃபோஃபோபியா' என்று பெயர் வைத்தார். கதைக் குழந்தைக்கு நிஜமாகவே குறை இருந்தது; அவர் விவரித்தவர்களுக்கோ குறை இருப்பதாகப் பயம்தான். பேசும்போது, படிக்கும்போது, சாப்பாட்டுக்கு நடுவில்கூட அந்தப் பயம் திடீரென்று வந்து ஆட்டிவைக்கும் என்று எழுதினார். 'பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர்' என்ற இன்றைய பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டில் 1987-இல் வந்தது. 2013 பதிப்பில் இது ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) வகை நோய்களோடு சேர்க்கப்பட்டது. அதுதான் சரியான இடம், ஏனென்றால் எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வருவதுதான் இதன் அடிப்படை.

மூன்றாம் படி: பொருந்துகிறதா என்று பாருங்கள். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது மிகச் சிறிய குறையைப் பற்றியே நினைப்பு ஓடுகிறதா? கண்ணாடி பார்ப்பது, மறைப்பது, "அசிங்கமா இருக்கேனா?" என்று கேட்பது நிற்காமல் தொடர்கிறதா? இதனால் வேலை, படிப்பு, வெளியே போவது கெடுகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம். கட்டுமஸ்தான உடம்பை நோஞ்சான் என்று நம்பும் ஜிம் இளைஞர்களுக்கும் இது வரும்.

அப்புறம், வீட்டில் யாருக்காவது இருந்தால் "நீ அழகாத்தானே இருக்கே" என்று வாதாடாதீர்கள். அது கொஞ்ச நேரம்தான் தாங்கும், மறுபடி கேள்வி வரும். அவர் படும் வேதனையைப் பற்றிக் கேளுங்கள். அழகு அறுவை சிகிச்சையும் பெரும்பாலும் திருப்தி தராது. சிபிடி என்ற பேச்சு சிகிச்சையும் எஸ்எஸ்ஆர்ஐ என்ற மனச்சோர்வு மாத்திரைகளும் பலன் தருகின்றன. முதலில் யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், இந்தியாவில் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம்.