அஞ்செட்டி மண்ணுக்குச் சரி, தொப்பூர் இறக்கத்துக்கு? பட்டன் டயர் வண்டிக்காரர்களுக்கு

அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் மண்பாதைக்கென்று பட்டன் டயர் (பட்டன் பட்டனாக ரப்பர் துருத்தி நிற்கும் டயர்) மாட்டிய பைக், தார் ரோடு ஏறியதும் ஆளே மாறிவிடும். மண்ணில் பட்டன்கள் புதைந்து பிடிக்கும். தாரில் நுனி மட்டும்தான் படும். வளைவில் சாய்த்தால் ஒவ்வொரு பட்டனும் பென்சில் ரப்பர் மாதிரி மடங்க, வண்டி நெளியும். அது இந்த டயரின் குணம். நெளிகிறதே என்று பயந்து, சாய்ந்த நிலையில் முன் பிரேக்கை அழுத்துவதுதான் ஆளைக் கீழே தள்ளும்.

முதலில் காற்று. மண்ணுக்காக 18 பிஎஸ்ஐக்கு இறக்கியிருந்தால், தார் தொடங்கும் இடத்திலேயே வண்டி ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு ஏற்றுங்கள். கையில் ஒரு கால் பம்பு இருந்தால் போதும். குறைந்த காற்றில் விரட்டினால் டயர் சூடேறும், பட்டன்கள் சீக்கிரம் கரையும். ட்யூப் டயரில் வால்வு சாய்ந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்திருந்தால் ரிம்மில் டயர் நகர்ந்திருக்கிறது, விட்டால் வால்வு அடியோடு கிழியும்.

தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது, வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கையிலேயே கியரைக் குறைத்து வேகத்தை அடக்குங்கள். நியூட்ரலில் உருட்டவே கூடாது. லாரி டீசல் சிந்திய கறுப்புத் திட்டு, வெள்ளைக் கோடு இரண்டிலும் இந்த டயர் வழுக்கும், தூறல் விழுந்தால் இன்னும் மோசம். புது டயரா? முதல் 150 கிலோமீட்டர் அதிகம் சாய்க்காதீர்கள்.